தளிர் நாடிய மகாவித்துவான்

திருக்கோயில் வழிபாட்டை நித்தியம் என்றும் நைமித்திகம் என்றும் இருவகைப்படுத்துவர் ஆகமம் உணர்ந்த பெரியோர். பெருந்திருவிழாவும் குடமுழுக்கும் நைமித்திகத்தின்பாற்படும். யானை மீது வரும் தீர்த்தக் குடமும், யாகசாலையும், வானளாவிய விமானத்தின்மேற் பொழியும் நன்னீரும் காண்பார் கண்ணையும் கருத்தையும் கவர்வன. ஆயினும் அத்திருவிழாவின் பயன் நிலைபெறுவது, மறுநாள் வைகறையில் ஆரவாரம் ஒன்றுமின்றி அருச்சகர் ஒருவர் கதவந் திறந்து விளக்கேற்றி ஒரு குடம் நீரும் ஒரு கை மலரும் இடுகின்ற நித்திய பூசையினாலேயாம். அந்நித்தியம் வழுவின் கும்பத்தில் ஏற்றிய சாந்நித்தியம் குறையும் என்பது நூற்றுணிபு.

கல்வியும் இவ்வியல்பிற்றே. ஒருநாள் எழுந்த ஊக்கம் ஒருவனைப் புலவனாக்குதல் இல்லை. அவ்வூக்கத்தை நாடோறும் புதுக்கிக்கொள்ளும் வழியறிந்தவனே புலவனாகின்றான். அவ்வழியைத் தம் வாழ்வு முழுதும் நடந்து காட்டிய பெருந்தகையார், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே சோழ நாட்டில் விளங்கிய மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களையும், பத்துப் பிள்ளைத்தமிழ்களையும், அந்தாதி, கலம்பகம், கோவை முதலிய பிரபந்தங்கள் பலவற்றையும் ஒருவரே பாடினார் எனின், இக்காலத்தார்க்கு வியப்பு மிகும். அவர் பாடியவற்றினும் அவர் கற்ற வகையே பெரிதும் வியத்தற்குரியது.

மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் முத்திரைப் பணி பூண்ட குடியிற் பிறந்தவர் சிதம்பரம் பிள்ளை என்பார். அவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர்களில் ஆசிரியத் தொழில் நடத்தி வந்தார். அவர்க்கும் அன்னத்தாச்சி என்னும் அம்மையார்க்கும் பவ வருடம் பங்குனித் திங்கள் 26ஆம் நாள் வியாழக்கிழமை, அதாவது 1815 ஏப்பிரல் 6-இல், மகவாகத் தோன்றினார் பிள்ளையவர்கள். தந்தையாரே முதலாசிரியர். நிகண்டும் சிறு பிரபந்தங்களும் கணக்கும் அவரிடமே கற்றனர். அந்த நிழலும் நெடுநாள் நிற்கவில்லை. பிள்ளையவர்களுக்குப் பதினைந்தாம் ஆண்டு நடக்கும்போது தந்தையார் இறைவனடி எய்தினர். கைப்பொருள் இல்லை. மேலே கற்பிப்பாரும் இல்லை. இந்நிலையில் தந்தை விட்ட தொழிலைப் பற்றிக்கொண்டு ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து அமைதியாக வாழ்ந்து முடிதல் எவர்க்கும் இயல்பேயாம். அங்ஙனம் அமைந்தோர் பல்லாயிரவர். அவரை யாரும் குறைகூறார்.

பிள்ளையவர்களோ திருச்சிராப்பள்ளிக்குக் குடிபுகுந்து, மலைக்கோட்டையின் அடிநிழலில் தங்கி, தமிழ் எங்கே உளது என்று தேடத் தொடங்கினார். அக்காலத்து நூல் தேடுதல் எத்துணை அரிது என்பதை இன்று விளக்கினாலன்றி விளங்காது. நம்நாட்டு அச்சகங்களுக்கு இருந்த தடை நீங்கியதே 1835-இல். அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் பெருநூல்கள் ஏட்டிலேயே கிடந்தன. ஏடு வைத்திருந்தோர் சிலர். அவருள் பிறர்க்குக் கொடுப்போர் மிகச் சிலர். கொடுத்தாலும் பொருள் சொல்ல வல்லார் அவரினும் சிலர். முழுநூல் கற்றார் ஒருவர் கிடையாவிடின், ஒரு நூலுக்கு ஒருவரும் ஒரு படலத்துக்கு ஒருவருமாகத் தேடிச் செல்ல வேண்டும்.

தண்டியலங்காரம் கற்ற வரலாறு இதற்குச் சான்றாகும். அணியிலக்கணம் கற்க வேண்டும் என்னும் வேட்கை பிள்ளையவர்களுக்கு மிகுந்திருந்தது. கற்பிப்பார் எவரும் அகப்படவில்லை. அந்நகரில் வீடுதோறும் சென்று அன்னம் ஏற்று உண்டு திரியும் பரதேசி ஒருவர் அந்நூலை நன்கு கற்றவர் என்று கேள்வியுற்றார். பரதேசியாரோ எளிதில் வயப்படாதவர். அவர் இருக்கும் இடம் தேடிச் சென்று, அவர் பிச்சைக்குப் புறப்படும்போது உடன் நடந்து, அவர் விரும்பியன வாங்கிக் கொடுத்து, அவர் மனம் மகிழ்ந்த வேளை பார்த்து ஐயங்களை வினவி, சிறிது சிறிதாக அந்நூல் முழுவதையும் பாடங் கேட்டு முடித்தார். நல்ல குடியிற் பிறந்து, ஏற்கெனவே கவி பாடும் வன்மையால் ஊரார் மதிப்பும் பெற்ற இளைஞர் ஒருவர், தெருவில் இரப்போர் பின்னே நடத்தலைக் கண்டோர் நகைத்திருத்தல் கூடும். நகைத்தோர் பெயர் ஒன்றும் இன்று நமக்குத் தெரியவில்லை. ஓட்டை ஏந்திய கையில் நூல் இருந்தது என்பதே பிள்ளையவர்கள் கண்ட உண்மை. கல்விக்கு ஊக்கம் வேண்டி வான்நோக்கி நிற்போர் இந்நிகழ்ச்சியை நினைத்தல் தகும். ஊக்கம் அவர்க்கு வானத்திலிருந்து வந்ததன்று. ஒவ்வொரு மாலையும் ஒரு சூத்திரம் மிகுதியாக அறிந்து வீடு திரும்பினார் அல்லரோ, அதுவே மறுநாள் மாலைக்கு அவரை எழுப்பி அனுப்பியது.

இவ்வாறே முத்துவீரியம் என்னும் இலக்கணம் இயற்றிய உறையூர் முத்துவீர வாத்தியார் முதலிய அறிஞர் பலரையும் அடுத்துப் பயின்றார். பின்னர்ச் சென்னைக்குச் சென்றபோது காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருவேங்கடாசல முதலியார் முதலானோரைக் கண்டு, தமக்குத் தெரியாதவற்றைத் தெரிந்துகொண்டார். அப்போது அவரே மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும் நிலையினர். ஆசிரியராகிய பின்னும் மாணாக்கராய் இருத்தல் எளிதன்று. கற்றோர் பலர் தம் அறியாமையை மறைத்தற்கே தம் அறிவிற் பாதியைச் செலவிடுவர். பிள்ளையவர்கள் அச்செலவு செய்திலர்.

திருவாவடுதுறை ஆதீனத்தின் தொடர்பு அவர்தம் வாழ்வின் பெரும்பேறு. அங்கே அம்பலவாண தேசிகர் காலத்தில் மகாவித்துவான் என்னும் பட்டம் பெற்றார். அடுத்துப் பட்டமெய்திய மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் வடமொழியும் தென்மொழியும் இசையும் நன்குணர்ந்தவர். வித்துவான்களைத் தம் கண்ணெனக் கொண்டு போற்றியவர். அவர் காலத்து மடம் ஒரு பல்கலைக் கழகமாகவே விளங்கிற்று. குமாரசாமித் தம்பிரான் முதலாய தம்பிரான்மாரும் பிற மாணாக்கரும் சூழ்ந்திருக்க, பிள்ளையவர்கள் நாடோறும் பாடம் சொல்லி வந்தார்.

மடத்தினும் மாயூரத்தினுமாக அவர்தம் பிற்காலம் கழிந்தது. மாயூரத்தில் அவர் வாழ்ந்த காலம் தமிழுக்கு நற்காலம். அங்கே முன்சீபாக இருந்தவர், பின்னாளில் பிரதாப முதலியார் சரித்திரம் இயற்றிய வேதநாயகம் பிள்ளை. கிறித்தவராகிய அவர்மீது பிள்ளையவர்கள் குளத்துக்கோவை என்னும் கோவை பாடினார். சைவத்தில் சிறிதும் நெகிழாதவர் பிள்ளையவர்கள். நீறும் அக்கமணியும் அவர் மேனியை நீங்கியதில்லை. எனினும் அவரிடம் பாடங் கேட்டாருள் சவேரிநாத பிள்ளை கிறித்தவர். நாகூர்க் குலாம்காதிறு நாவலர் இசுலாமியர். தமிழ் கற்க வந்தார்க்குக் கதவு அடைத்தலை அவர் அறியார். கூலி பெற்றுப் பாடஞ் சொல்லுதலும் அவர்பால் இல்லை. வந்தவர்க்குப் பாடமும் கொடுத்தார், இயன்றபோதெல்லாம் சோறும் கொடுத்தார்.

அம்மாயூரத்திலே நிகழ்ந்த மற்றொன்றும் ஈண்டுக் கருதற்பாலது. கோபாலகிருஷ்ண பாரதியார் தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குப் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினார். சேக்கிழார் பெருமான் கூறாத வேதியர் ஒருவரைப் புகுத்திக் கதையை வேறுபடுத்தியதும், சொற்களில் இலக்கண வழு மலிந்திருந்ததும் பிள்ளையவர்கள் உள்ளத்துக்கு உடன்பாடாயில்லை. வாய்விட்டு மறுத்துரைத்தலும் அவர் இயல்பன்று. ஆதலின் காலம் நீட்டித்து வந்தார். பாரதியார் சலியாது பலமுறை வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகலில் துயின்றிருந்த வேளை பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குத்தாமே பாடிக்கொண்டிருந்தார். விழித்தெழுந்த பிள்ளையவர்கள் உள்ளிருந்தபடியே கேட்டார். கேட்கக் கேட்க உள்ளம் உருகிக் கண்ணீர் பெருகிற்று. இத்தகைய அன்பரைக் காக்க வைத்தோமே என்று இரங்கிப் பாயிரம் பாடிக் கொடுத்தார். இலக்கணம் பற்றிய அவர் கருத்து மாறியிராது, மாறவும் வேண்டுவதின்று. இலக்கணத்தின் வேறாய பெருமை ஒன்று ஒரு நூலில் இருத்தல் கூடும் என்பதை, முதிர்ந்த புலமையோடு இருந்த காலத்தும் புதிதாக ஏற்றுக்கொண்டார் என்பதே நோக்கத்தக்கது.

மாயூரத்து வீட்டின் பின்புறத்தே ஒரு தோட்டம் இருந்தது. அதனை மரஞ்செறிந்த சோலையாகக் காண வேண்டும் என்பது பிள்ளையவர்கள் ஆசை. விதையிட்டு நெடுங்காலம் காத்திருத்தற்குப் பொறாது, வேறிடங்களில் வளர்ந்து நின்ற மரங்களை வேரோடு பெயர்த்துக் கொணர்ந்து அங்கே நடுவித்தார். பெயர்த்து நட்ட மரம் முதலில் இலையுதிர்ந்து பட்டதுபோலத் தோன்றும். பிழைத்ததோ பட்டதோ என்பதை அறிவிப்பது தளிர் ஒன்றே. நாடோறும் காலையில் எழுந்தவுடன் அவர் செய்யும் முதற்செயல் அம்மரங்களின் இடையே சென்று, எந்தக் கிளையில் எங்கே தளிர் அரும்பியுள்ளது என்று ஆராய்தலேயாம். ஒரு சிறு தளிர் கண்ணிற்படின் அன்று முழுவதும் அவர் முகம் மலர்ந்திருக்கும்.

1871-இல், உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் தம் மைந்தரை அழைத்துக்கொண்டு பிள்ளையவர்களை நாடி வந்தார். மாணாக்கர் பலர் வருவதும், சின்னாள் இருந்து போய்விடுவதும் கண்டு சலித்திருந்த பிள்ளையவர்கள் முதலில் சிறிது தயங்கிப் பின்னர் ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்றிருந்த அவர் பெயர் சாமிநாதன் என வழங்கலாயிற்றும் இவரிடத்தேயாம். அவரே பின்னாளில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் என உலகம் போற்ற நின்றவர். தொடக்கத்தில் சவேரிநாத பிள்ளையின் வாயிலாகவே அவர்க்குப் பாடம் நடந்தது. ஆசிரியரிடம் நேரே கேட்க வேண்டும் என்று தவித்த அவ்விளைஞர், தளிர் தேடும் அக்கண்களைக் கண்டுகொண்டார். ஆசிரியர் எழுமுன்னரே தாம் எழுந்து தோட்டத்துட் புகுந்து, தளிர்த்த இடங்களை நோக்கி வைத்துக்கொண்டு, அவர் வந்தவுடன் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டத் தொடங்கினார். ஆசிரியர் உள்ளம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியின் வழியே பேச்சு வளர்ந்தது. பேச்சின் வழியே நேர்ப்பாடமும் வாய்த்தது. அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் நாகைக்காரோணப் புராணமும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பயன் கருதித் தொடங்கிய சூழ்ச்சி என்று இதனைச் சொல்லலாம். ஆயின் நாடோறும் ஒருவர் விரும்புவதைத் தாமும் நோக்கி நிற்பாராயின், சின்னாளில் அவ்விருப்பம் தமக்கே உரியதாகிவிடும். பட்டுப்போன ஏட்டுச்சுவடியின் அழிந்த எழுத்துகளிடையே உயிருள்ள ஒரு சொல்லைத் தேடிக் கண்டு மகிழ்ந்த ஐயரவர்களின் பிற்காலக் கண்கள் எங்கே பழகின என்று வினவுவார்க்கு, மாயூரத்துத் தோட்டத்தைச் சுட்டிக் காட்டலாம்.

பிள்ளையவர்கள் கவி பாடும் முறையும் அந்நித்திய நியமத்தோடு கூடியதே. தலபுராணம் ஒன்று பாட வேண்டின், வடமொழி வல்லாரைக் கொண்டு மூலத்தைத் தமிழ் உரைநடையில் பெயர்த்து வைத்துக்கொள்வார். அதனைப் பன்முறை நோக்கி, நாட்டுப்படலம் நகரப்படலம் முதலாகக் காப்பிய அமைப்பை உளத்தில் வகுத்துக்கொள்வார். பின்னர் மாணாக்கர் ஒருவர் ஏடும் எழுத்தாணியும் ஏந்தி அமர, அவர் செய்யுளை வாயாற் சொல்லிச் செல்வார். தம் கையால் எழுதிப் பார்த்துத் திருத்துதல் இல்லை. எழுதுவார் கை ஓயும். சொல்வார் வாய் ஓயாது. மாட்டு வண்டியிற் செல்லும்போதும் அம்பர்ப் புராணச் செய்யுட்களை அவர் சொல்லச் சாமிநாதையர் எழுதியதுண்டு. அரங்கேற்றம் தொடங்கிய பின்னும் நூல் முற்றுப்பெறாதிருத்தல் வழக்கம். காலையில் பாடிய பகுதி பிற்பகலில் அவையில் அரங்கேறும். மறுநாளைக்குரியது மறுநாட் காலையில் பிறக்கும். இன்றைக்கு மனம் பொருந்தவில்லை என்று சொல்லி ஒதுங்க இடமில்லாத ஒழுங்கு அது. அவையினர் காத்திருப்பர், இறைவனும் காத்திருப்பான். அக்கட்டாயத்தை அவரே விரும்பித் தம்மேல் ஏற்றுக்கொண்டார்.

இங்ஙனம் வாழ்ந்தவர் செல்வராய் வாழ்ந்தார் என்று எவரும் எண்ணற்க. புராணம் பாடுவித்தோர் பரிசில் அளித்தனர், ஆதீனமும் ஆதரித்தது. வந்தது நின்றதில்லை. உண்ண வந்த மாணாக்கர்க்கும் உதவி வேண்டிய சுற்றத்தார்க்கும் செலவாகி, கடனும் ஏறிற்று. எண்ணெய் முழுக்குக்குரிய நாளொன்றில் வீட்டில் எண்ணெய் இல்லாதிருப்ப, மாணாக்கர் தம் கைக்காசு கொண்டு கடைக்கு ஓடி வாங்கி வந்ததும் உண்டு. பொருளைப் பேணாமை அவர்பால் இருந்த குறையேயாம். இல்லத்தாரும் அதன் துன்பத்தை உடன் சுமந்தனர். அதனைத் துறவு என்று போற்றி மறைத்தல் வேண்டா. வியப்பு யாதெனின், அத்தகைய காலைகளிலும் பாடம் நின்றதில்லை என்பதேயாகும். அடுக்களையில் வறுமை இருந்தது. கூடத்தில் மாணாக்கர்க்குக் கவிப்பொருள் விரித்தல் நடந்துகொண்டிருந்தது. அவருக்குப் பாடஞ் சொல்லுதல் உழைப்பன்று, அன்றைய இளைப்பாறல்.

முதுமையும் முற்றாத அறுபத்தொன்றாம் ஆண்டில் அவர் உடல் தளர்ந்தது. காலில் வீக்கம் கண்டது; நடையும் உணவும் குறைந்தன. திருவாவடுதுறையில் தங்கி மருத்துவம் செய்தும் பயன் விளையவில்லை. அந்நிலையிலும் அயலே இருந்து ஒருவர் படிக்கக் கேட்டு மகிழ்தலை அவர் விட்டிலர். யுவ வருடம் தைத் திங்கள் 20ஆம் நாள், 1876 பெப்ரவரி 1-இல், இறுதி நெருங்கியது. சவேரிநாத பிள்ளை பின்னிருந்து தம் மார்பில் அவரைச் சார்த்தித் தாங்கியிருந்தார். சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படித்தார். தாங்கியவர் கிறித்தவர், படித்தவர் அந்தணர், கேட்டுக்கொண்டே சிவபதம் அடைந்தவர் சைவ வேளாளர். இதனை அவ்விடத்து எவரும் புதுமையாகக் கருதியதாகத் தெரியவில்லை.

பிள்ளையவர்களின் புராணங்களை இன்று ஓதுவார் அருகினர். அந்தந்தத் திருக்கோயிலார் குடமுழுக்குக் காலத்தில் ஏட்டைத் துடைத்து எடுத்து, தல வரலாற்றுக்கு வேண்டிய அளவு பார்த்து, மீள வைத்துவிடுகின்றனர். அவர் காலத்துப் புலவர் சங்க நூல்களை மறந்து அந்தாதியிலும் கலம்பகத்திலும் காலங்கழித்தனர் என்று கூறுவாரும் உளர். அதில் உண்மை உண்டு. ஆசிரியர் மறைந்த நான்காண்டுகளின் பின், தியாகராச செட்டியார் தாம் ஓய்வு பெற்றபோது தம் ஆசிரியரின் மாணாக்கராகிய சாமிநாதையர்க்கே கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியப் பதவி கிடைக்கச் செய்தார். அவ்வாண்டில், 1880 அக்டோபர் 21-இல், அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டு, தாம் பிள்ளையவர்களிடம் கற்ற நூல்களின் நெடிய பட்டியலை ஐயர் சொன்னார். முதலியார் அவற்றை ஒரு பொருளாகக் கொள்ளாது, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என வினவினார். படித்திலேன் என்று தலைகுனிந்த அவ்வாசிரியர், தெரியாததைத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டு, சமண நண்பர் இல்லம் தேடிச் சென்று ஐயங்களை வினவி, 1887-இல் அந்நூலைப் பதிப்பித்து வெளியிட்டார். சிந்தாமணி பிள்ளையவர்கள் கற்பித்த நூலன்று. அறிந்தார் எவராயினும் அவர் வாயில் தேடிச் சென்று கேட்டல் பிள்ளையவர்கள் கற்பித்த வழியே. பரதேசியின் பின்னே நடந்த கால்கள் காட்டிய வழியே.

ஐயரவர்கள் தம் ஆசிரியரின் சரித்திரத்தை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டபோது எண்பதை நெருங்கியிருந்தார். பின்னர் 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதி வந்தபோதும், அதன் பெரும்பகுதி ஆசிரியர் வரலாறாகவே அமைந்தது. மாயூரத்துத் தோட்டத்தில் தளிர் தேடிய காலைப்பொழுதுகளை, ஏறக்குறைய எழுபதாண்டுகள் கழிந்த பின்னும், நேற்றுக் கண்டார்போல அதிலே விரித்து வரைந்தார். 1942 ஏப்பிரல் 28-இல் திருக்கழுக்குன்றத்தில் ஐயரவர்கள் மறைந்தபோது அந்நூல் முற்றுப்பெறாதிருந்தது.